அப்பா கயிறு கட்டின இடத்துலயே நின்ன கப்பல்

ராயபுரம்
கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம்

அன்பு மகன் ஃப்ரெடிக்கு அம்மா எழுதுறது. இயேசுவுக்குத் தோத்திரம். நானும் உன் தங்கச்சி ஜூடியும் மூச்சு விட்டுகினு இருக்கோம், மழை வந்தா கூடவே எனக்கு முட்டிவலியும் வருது, மத்தபடி உங்கப்பாவை எடுத்துக்கினதைத் தவிர ஆண்டவர் ஒரு குறையும் வைக்கல. நீ தண்ணிமேல சுகமா இருக்கணும்னு தினமும் ராயப்பர் கோயில்ல மெழுகுவர்த்தி ஏத்திட்டுத்தான் வீட்டுக்கு வரேன். இன்னிக்கும் ஏத்தினேன். மனசுல இவ்ளோ கோவத்தை வச்சிகினு ஏத்தலாமான்னு தெரியல, இருந்தாலும் ஏத்தினேன். போன்ல பேசினா சிக்னல் இல்லம்மான்னு வச்சிடுவ, நான் பேசி அனுப்புறதையும் முழுசா கேக்க மாட்டன்னு ஜூடி சொல்றா. அதான் அஞ்சாங்கிளாஸ் படிச்ச கையால எழுதறேன், தப்பு இருந்தா நீயே திருத்திப் படிச்சுக்கோ. திருவொற்றியூர் ஜேக்கப் லீவு முடிஞ்சு உன் கப்பலுக்கே திரும்ப வரான், அவன் கையில குடுத்துவிடுறேன். அவன் மேல கோவப்படாத. அவன் ஒண்ணும் கோள் சொல்ல வரல, தெரியாம சொல்லிட்டான், அதை அப்புறமா எழுதறேன்.

வீட்டு சங்கதி என்னன்னா ஜூடி இப்ப திருவொற்றியூர்ல ஒரு மருந்துக் கடையில நிக்கிறா, காலையில ரயில்ல போயிட்டு ராத்திரிக்குள்ள வந்துடுறா. பாத்ரூம் மேல மறுபடி ஒழுகுது, மேல் வீட்டுக்காரங்க கிட்ட சொன்னா எங்க வூட்டுலயும் ஒழுகுதுன்னு சொல்றாங்க, அவங்களுக்கு மேல யாரு இருக்காங்க, வானம்தான் இருக்கு. மீன்கார மங்கை உன்னைக் கேட்டா. அப்பா கல்லறைக்கு வைக்க வேண்டிய கல் சிலுவையை முப்பிடாதி கொத்தனார் பேரு வெட்டுறதைத் தவிர செஞ்சு முடிச்சு அவர் கொட்டாயிலயே சாய்ச்சு வச்சிருக்காரு, போறப்ப வரப்ப பாத்துட்டுதான் வரேன். நம்ம குடும்பத்து வழக்கம் உனக்கே தெரியும், அப்பன் செத்தா மூத்த மகன்தான் சிலுவையைத் தூக்கி நிறுத்தி, கொத்தனார் பூசி முடிக்கிற வரைக்கும் ரெண்டு கையாலயும் பிடிச்சுகினு நிக்கணும். உன் தாத்தாவுக்கு உங்கப்பா அப்படித்தான் நின்னாரு. அடக்கத்துக்கு உன்னால வர முடியல, கப்பல் நடுக்கடல்ல இருந்துச்சு, அதுக்கு யாரும் உன்னைக் குத்தம் சொல்லல, நானும் சொல்லல. அன்னிக்கு போன்ல அழுதுகினே நீதான் சொன்ன, நான் வந்துதான் சிலுவை நடுவேன், வேற யாரும் கைவைக்கக் கூடாதுன்னு. அந்த ஒரு சொல்லுக்காக இத்தனை மாசமா உங்கப்பா தலமாட்டுல வெறும் மரக்குச்சிதான் நிக்குது. மழைக்கு மண்ணும் இறங்கிடுச்சு. திருநாள் வருது, எல்லாரும் வெள்ளையடிச்சு பூ வைப்பாங்க, உங்கப்பா மட்டும் பேரு இல்லாம படுத்திருப்பாரு. உன் சித்தப்பா கேக்குறாரு, கோயில்ல கேக்குறாங்க, எம்மவன் வருவான் வருவான்னு சொல்லி சொல்லி எனக்கே வாய் வலிக்குது.

போன வாரம் ஜேக்கப் அவங்கம்மா ஃப்ளோராவைக் கூட்டிகினு துக்கம் விசாரிக்க வந்தான். நல்ல புள்ள, அப்பா படத்துக்கு முன்னால முட்டி போட்டு ஜெபம் பண்ணான். காப்பி குடுத்தேன். குடிச்சிகினே கேக்குறான், ஆன்ட்டி, அங்கிள் போனதுக்கு அப்புறம் கப்பல் நம்ம ஹார்பருக்கு வந்த அன்னிக்கு ஃப்ரெடி வீட்டுல ரொம்ப அழுதானா, திரும்ப கப்பலுக்கு வந்தவன் யார் கூடவும் பேசலைன்னு. எனக்குப் புரியல. எந்தக் கப்பலுடான்னு கேட்டேன். எங்க கப்பல்தான் ஆன்ட்டி, பெரிய கப்பல், ஆடி மாசக் கடைசியில ஒரு நாள் இங்க நின்னு போச்சே, எங்க ரெண்டு பேருக்குமே வெளிய போக பாஸ் குடுத்தாங்களே, நான் வீட்டுக்குப் போயி அம்மா கையால சாப்பிட்டுத்தான் வந்தேன்னான். ஃப்ளோரா அவன் முட்டியில இடிச்சா. அதுக்குள்ள சொல்லி முடிச்சிட்டான்.  

நீ என்ன சொன்ன. உங்கப்பா ஆஸ்பத்திரியில மூக்குல குழாய் மாட்டிகினு கிடந்தப்ப போன் பண்ணி என்ன சொன்ன. கம்பெனி புதுசா பெரிய சுற்றுலாக் கப்பல் வாங்கியிருக்கு, அது நம்ம சென்னை ஹார்பருக்குள்ள நுழையவே முடியாதுப்பா, ஆழம் பத்தாது, நிக்க இடம் பத்தாது, அதனாலதான் அதை சிங்கப்பூர்ல வச்சிருக்காங்க, என்னையும் அங்க மாத்திட்டாங்க, நான் என்ன பண்றதுன்னு சொன்ன. ஸ்பீக்கர்ல போட்டு நான்தான் அவர் காதுகிட்ட பிடிச்சிருந்தேன். கம்பெனி சொன்னா போவத்தான்டா வேணும், நீ போ, நான் நல்லாத்தான் கீறேன்னு மூச்சு வாங்கிகினே சொன்னாரு. போனை வச்சதும் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு என்கிட்ட சொன்னாரு, புஷ்பம், நான் வேலை செஞ்ச எடம் சின்னதாம்டி, எம்புள்ள கப்பலு உள்ள வர முடியாத அளவுக்கு சின்னதாம்னு. ஆயுசு முழுக்க அந்த ஹார்பர்ல கப்பல் கயிறு கட்டின மனுசன்டா. வர்ற கப்பல்ல இருந்து வீசுற கயிறை வெயில்லயும் புயல்லயும் இழுத்து இரும்புத் தூணுல மாட்டின கை. நீ சென்னைக்கு வந்து போற பழைய கப்பல்ல இருந்தப்ப ஒவ்வொரு வாரமும் மேஸ்திரி கால்ல விழாத குறையா கேட்டு ஷிப்ட்டு மாத்திக்குவாரு, எம்மவன் கப்பலை நான்தான் அவுத்து வுடணும்பாரு. நீ மேல சமையல் கட்டுல வெங்காயம் அரிஞ்சுகினு இருப்ப, அவரைப் பாக்கக்கூட முடியாது, ஆனா கீழ கயிறை அவுக்குறது அப்பான்னு உனக்குத் தெரியும், நீயே அதைச் சொல்லிச் சொல்லி சிரிப்ப. அந்த மனுசனைத்தான் கடைசியில அவர் ஹார்பரை நினைச்சு வெக்கப்பட வச்சு அனுப்பின.

அவ்ளோ பெரிய கப்பலு நுழைய முடியாதுன்னியே, நுழைஞ்சுதே. எங்க நின்னுச்சுன்னு தெரியுமா, உனக்குத் தெரியாம இருக்குமா, பழைய கப்பல் நிக்கிற அதே இடத்துல, உங்கப்பா கயிறு கட்டின அதே இடத்துலதான் நின்னுச்சு. நான் பாத்தேன்டா. அது என் புள்ள கப்பலுன்னு தெரியாமலே பாத்தேன். அன்னிக்கு கருவாடு காய வைக்க மொட்டைமாடிக்குப் போனேன், மங்கையும் வந்தா, ஹார்பர் பக்கம் பாத்தா வெள்ளையா ஒரு ஊரே வந்து நின்ன மாதிரி இருந்துச்சு. யக்கா, இன்னாக்கா இது, நம்ம ஹவுசிங் போர்டு வூட்டையெல்லாம் தூக்கி அடுக்கினாலும் அதுக்குப் பத்தாது போலக்கீதேன்னா. எவ பெத்த புள்ளையோ அதுல வேலை செய்யுது, குடுத்து வச்சவ, இன்னிக்கு மவன் மொகத்தைப் பாப்பான்னு நான் சொன்னேன். சொல்லிட்டு அந்தக் கப்பலைப் பாத்து சிலுவை போட்டு, அதுல இருக்கிற எல்லாப் புள்ளைங்களுக்கும் ஒரு அருள்நிறைந்த மரியே சொன்னேன். என் புள்ளைக்கே சொல்லிக்கினேன் போல.

ஜேக்கப் போன மறுநாளு மனசு கேக்காம அப்பா கூட வேலை செஞ்ச கிருஷ்ணப்பனைப் போயி பாத்தேன். பீடியைப் பத்த வச்சான், அணைச்சான். அப்புறம் சொன்னான், அண்ணி, அந்தக் கப்பல் கயித்த நான்தான் வாங்கினேன், அண்ணன் நிக்கிற எடத்துல நின்னுதான் வாங்கினேன், உன் மவன் படியில எறங்கி வந்தான், டேய் சிலுவமுத்து மவனேன்னு கத்தினேன், தொப்பிய மொகத்து மேல இழுத்து வுட்டுகினு கம்பெனி வேன்ல ஏறிட்டான், அது வேற எவனோன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன், உன்கிட்ட எப்படி வந்து சொல்றதுன்னான். ஜேக்கப்கிட்ட திரும்ப போன் போட்டுக் கேட்டேன், வேன் எங்க போச்சுன்னு. மவுண்ட் ரோடு பக்கம் கடைக்குப் போச்சு ஆன்ட்டி, ஃப்ரெடி ஷூ வாங்கினான்னான். புது ஷூ காலைக் கடிக்காம இருக்குதா.

நீ ஏன் வரலைன்னு நான் ராத்திரி பகலா யோசிச்சேன். பாசம் இல்லாம இல்ல. வீட்டுக்கு வந்தா எந்தக் கப்பல்ல வந்தன்னு கேப்பேன், மாடியில இருந்து பாத்தா பொய் அவ்ளோ பெருசா வெள்ளையா நின்னுகினு இருக்கும். அதான் வரல. உன்னை யாரும் மாத்தல, நீதான் கேட்டு வாங்கின, அதையும் ஜேக்கப் சொல்லிட்டான். ஆபீசுல கூப்பிட்டு, வீட்டுல கஷ்டம் இருக்கிறவங்க பழைய கப்பல்லயே இருந்துக்கலாம், வாரா வாரம் சென்னை வரலாம், புதுசுக்கு யார் வரீங்கன்னு கேட்டாங்களாம், நீதான் மொத ஆளா கையைத் தூக்கினியாம். பெரிய கப்பலுக்குப் போறேன்பா, எனக்கு ஆசையா இருக்குன்னு சொல்லியிருந்தா உங்கப்பா ஆஸ்பத்திரி வார்டு முழுக்கச் சொல்லியிருப்பாரு, குழாயோடவே எழுந்து உக்காந்திருப்பாரு. ஆசைப்பட்டது தப்பில்லடா. பழி போட உனக்கு வேற ஒண்ணுமே கிடைக்கலையா, அவர் ஹார்பர்தான் கிடைச்சுதா.

கம்பெனிக்காரன் செஞ்சதுல எனக்கு ஆச்சரியம் இல்ல. நம்ம ஊரு புள்ளைங்களை வேலைக்கு எடுத்தப்ப மாலை போட்டு, மேளம் அடிச்சு, இனிமே எங்க கப்பலுக்கு இதுதான் வீடு, அடுத்து இதைவிடப் பெருசு இங்க வரும்னு மைக்குல சொன்னான். ஜேக்கப் எல்லாம் விவரமா சொன்னான், பெரிய கப்பலு எங்க வைக்கணும்னு ஆழத்தைப் பாத்து முடிவு பண்றதில்லையாம், பிளைட்டுல வந்து எறங்கி நேரா கப்பல் ஏறுற பணக்கார சனம் எங்க வருதுன்னு பாத்துத்தான் வைப்பாங்களாம். இங்க நம்மாளுங்க பள்ளிக்கூட லீவு விட்டாதான் வருவாங்களாம். புதுசை சிங்கப்பூர்ல வச்சிட்டு, அங்க வேணாம்னு ஒதுக்கின பழசை இங்க நிறுத்திட்டாங்களாம். இது நமக்குப் புதுசா. காசிமேட்டுல நல்ல எறாலெல்லாம் ஐஸ் பொட்டியில ஏறிப் போவும், ஒடைஞ்சதுதான் நம்ம குழம்புக்கு. எண்ணூர்ல கரண்டு எடுக்குறாங்க, சாம்பல் நம்ம ஓடைக்கு வருது. கம்பெனி நம்மளைக் குப்பையா கூட்டித் தள்ளினா தாங்கிக்கலாம், அவன் யாரோ. நீ அவன் வாயால பேசினதைத்தான் தாங்க முடியல.

இனிமே நான் காத்திருக்கப் போறதில்ல. திருநாளுக்கு முந்தின நாளு சிலுவை நடப்போறோம். பொம்பளைப் புள்ள பிடிக்கக் கூடாதுன்னு உன் சித்தப்பா குதிச்சாரு, ஜூடிதான் பிடிக்கப்போறான்னு சொல்லிட்டேன். அவளுக்கு முதல்ல பயமா இருந்துச்சு, கனமா இருக்குமேம்மான்னா. கிருஷ்ணப்பன் நாங்க நாலு பேரு கயிறு போட்டுத் தாங்கிக்கிறோம், பாப்பா கைய வச்சிகினு நின்னா போதும்னு சொல்லிட்டான். உங்கப்பாவைக் கடைசி வரைக்கும் தூக்கித் திருப்பிப் படுக்க வச்சவ அவதான், அவளுக்கில்லாத உரிமை யாருக்கு இருக்கு.

நீ நேரத்துக்கு சாப்பிடு. அடுப்புச் சூட்டுல நின்னுட்டு உடனே ஏசியில போயி நிக்காத, உனக்கு சின்ன வயசுலயே நெஞ்சுச்சளி. கழுத்துல கயித்துல கிடக்கிற மாதா உத்தரியத்தைக் கழட்டாத. மாதா உன்னைக் காப்பாத்தட்டும், எந்தக் கடல்ல இருந்தாலும் உன் தலமேல என் கை இருக்கும், அதை எடுக்க எனக்குத் தெரியல.

ஒண்ணு மட்டும் மறந்துடாத. சிலுவைக் கல்லுல கீழ குடும்பத்துப் பேரு வெட்டணும், என்னென்ன பேருன்னு முப்பிடாதி கேட்டாரு. மனைவின்னு என் பேரைச் சொன்னேன், மகள்னு ஜூடி பேரைச் சொன்னேன். மகன் பேரு என்னம்மான்னு உளியை வச்சிகினு பாத்தாரு. உன் பேரு வாயில வந்துச்சு, சொல்லல. வேணாம்னும் சொல்லல. ஒரு வரிக்கு இடம் விட்டு வெட்டச் சொல்லிட்டேன். என்னிக்காவது நீ வந்து, கல்லறை முன்னால நின்னு, எந்தக் கப்பல்ல வந்தேன்னு உங்கப்பாகிட்ட உன் வாயால சொல்லு. அப்புறம் உன் பேரை வெட்ட நீயே அந்தக் கொத்தனாரைக் கூட்டிகினு வா.

உன்னைப் பெத்த அம்மா
சி. தங்கபுஷ்பம்