தப்பாக் கணக்குப் போட்டவன்

நைனார்பாளையம்
28.2.1988

அன்பு மகள் எழில்மதிக்கு உன் அப்பா தெய்வசிகாமணி எழுதறது. இங்க நானும் உங்கம்மாவும் ஏதோ இருக்கோம், நீயும் மாப்ளையும் அந்த ஊர் தண்ணி ஒத்துக்கினு சொகமா இருக்கீங்கன்னு உன் பதில்ல பார்த்தாத்தான் எங்களுக்கு நிம்மதி. மரவள்ளி இந்த வருசம் கெழங்கு வெக்கவே இல்லை. கெணத்துல தண்ணி கம்மி. மாடு கன்னு போட்டிருக்குது, கெடேரி. உங்கம்மாவுக்கு முட்டி வலி ஜாஸ்தியாத்தான் இருக்குது, எண்ணெ தேச்சிக்கோன்னு சொன்னா கேக்கறதில்லை. நான் இந்த மாசம் எட்டாந்தேதிலேர்ந்து மறுபடியும் கண்டக்டர் டியூட்டிக்குப் போய்க்கினு இருக்கேன். மறுபடியும்னா இன்னான்னு நீ கேப்பே. நடுவுல நாலரை மாசம் நான் வேலைக்குப் போகலை. உங்கம்மாகிட்ட உனக்கு எழுதக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். இப்ப நானே எழுதறேன், பதறாம படி.

போன செப்டம்பர்ல இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் ரோட்டை மறிச்சாங்களே, பேப்பர்ல நீயும் படிச்சிருப்பே. மொதல் நாளு, பதினேழாந்தேதி, வெடிய அஞ்சு மணிக்கு ராத்திரி மேல நின்ன நம்ம பஸ்ஸு கரியாலூர் மலையிலேர்ந்து கீழ எறங்கணும். டிரைவர் ஆதிமூலம். கெளம்பற நேரத்துக்கு இருசப்பன்னு ஒரு மலைக்காரரு பொண்டாட்டியைத் தோள்ல தாங்கிக்கினு வந்தாரு. அது பேரு செவ்வந்தி, மாசமா இருந்துச்சு, வலி எடுத்துட்டுது. ஆதிமூலம் என்னை ஓரமாக் கூப்புட்டு, கீழ மரத்தை வெட்டிப் போடப் போறாங்கன்னு டீக்கடையில பேசிக்கிறாங்க, வண்டி மேலயே நிக்கட்டும்னாரு. அதைக் கேட்டுட்டு இருசப்பன், அப்ப நான் வூட்டுக்கே கூட்டிக்கினு போயி மருத்துவச்சியைப் பாக்கட்டுங்களான்னு என்னைத்தான் கேட்டாரு. நான் சொன்னேன், மறியலெல்லாம் எட்டு மணிக்கு மேலதான் ஆரம்பிப்பாங்க, ஆறரைக்கெல்லாம் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில சேத்துடறேன், ஏறி ஒக்காருங்கன்னு. விசில் கொடுத்தது நான்தான்.

மலை எறங்கி கச்சிராயபாளையத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போதே ரோட்டுக்குக் குறுக்க புளியமரம் கெடந்துச்சு. நின்ன பசங்களைக் கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். அதுல ரெண்டு பேரு நமக்கு ஒறவு மொறை. வெவரம் சொன்னதும் அவங்களே அந்தப் பொண்ணை மரத்துக்கு அந்தாண்ட தூக்கி எறக்கினாங்க, ஓடிப்போயி ஒரு கட்டைவண்டி புடிச்சாந்தாங்க. ஆனா கொஞ்ச தூரத்துல இன்னொரு மரம், அதுக்கப்பால இன்னொண்ணு. ஒவ்வொரு எடத்துலயும் மாட்டை அவுத்து, வண்டியைக் கொல்லை வழியா சுத்தித் தள்ளி, மறுபடி பூட்டி. நான் டிக்கெட் பையைத் தோள்ல மாட்டிக்கினு பின்னாலயே நடந்தேன். மூணு மணி நேரம் கழிச்சி வண்டியிலயே கொழந்தை பொறந்துச்சு, பொண்ணு. அழவே இல்லை. தாயை மட்டும் ஆஸ்பத்திரியில காப்பாத்திட்டாங்க.

ஒரு வாரம் கழிச்சி பஸ் ஓட ஆரம்பிச்சதும் டியூட்டிக்குப் போனேன். விசிலை வாயாண்ட கொண்டுபோனா ஊத முடியலை. சின்னசேலத்துல பாதி டிரிப்புல எறங்கிட்டேன். அப்பால வூட்டுல சுவத்தைப் பாத்துக்கினு ஒக்காந்தவன்தான். சோறு எறங்கலை. உங்கம்மா கோயிலுக்குக் கூட்டிக்கினு போயி வேப்பெலை அடிக்கச் சொன்னா. வந்தவங்கல்லாம் உன் மேல தப்பில்லை, உன் மேல தப்பில்லைன்னாங்க. அதைக் கேக்கக் கேக்க எனக்கு அவங்க மேலதான் எரிச்சல் வந்துச்சு, ஏன்னா ஆதிமூலம் சொன்னது எனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது. தீபாவளி முடிஞ்சதும் உங்கம்மா ஒரு நாளு, நீ வரலைன்னா நான் மட்டும் போயி டாக்டராண்ட ஒக்காந்துக்கிறேன்னு பையைத் தூக்கிக்கினு கெளம்பிட்டா. வேற வழியில்லாம பின்னால போனேன். பாண்டிச்சேரியில மனசுக்குப் பாக்கற ஒரு டாக்டரம்மா. உன் வயசுதான் இருக்கும்.

அந்தம்மா ஒரு சின்ன மாத்திரை குடுத்தாங்க, நாப்பது பக்க நோட்டு ஒண்ணும் வாங்கச் சொன்னாங்க. மனசு கெட்டுப்போற நேரத்துல இன்னா நடந்துச்சு, அப்ப இன்னா நெனப்பு வந்துச்சு, அந்த நெனப்பை நூத்துக்கு எவ்வளவு நம்பறேன்னு எழுதணுமாம். இது இன்னா இஸ்கூலான்னு பஸ்ஸுல உங்கம்மாகிட்ட எரிஞ்சி வுழுந்தேன். ஆனா எழுதினேன். நான் ஒரு கொழந்தையைக் கொன்னவன், நூத்துக்கு நூறு. எல்லா நாளும் அதே வரிதான், வேற எழுத ஒண்ணும் இல்லை.

ரெண்டாந்தடவை போனப்ப அதைப் படிச்சிட்டு டாக்டரம்மா மத்தவங்க மாதிரி தப்பில்லைன்னு சொல்லலை. அன்னிக்குக் காலையில அஞ்சு மணிக்கு உங்களுக்கு இன்னா இன்னா தெரியும், அதுக்கப்பறமாத் தெரிஞ்சது இன்னா, ரெண்டையும் தனித்தனியா எழுதிக்கினு வாங்கன்னாங்க. அதை எழுத எனக்குப் பத்து நாளாச்சு கண்ணு. வலி எடுத்தவளுக்கு ஆஸ்பத்திரிதான் நல்லதுன்னு தெரியும். இதுக்கு முன்னால நடந்த மறியலெல்லாம் வெய்யில் ஏறினப்பறம்தான் ஆரம்பிச்சாங்கன்னு தெரியும். ராத்திரியோட ராத்திரியா வெட்டிச் சாய்ப்பாங்கன்னு தெரியாது. ஆதிமூலம் சொன்னதையும் எழுதினேன், அதை மறைச்சா இந்த நோட்டே பொய்யின்னு. அந்த வரியை அடிச்சிடுவாங்கன்னு பாத்தேன். அடிக்கலை. "அது இருக்கட்டும். நீங்க தப்பாக் கணக்குப் போட்டீங்க. தப்பாக் கணக்குப் போட்டவனும் கொன்னவனும் ஒண்ணா?" அப்படின்னு கேட்டுட்டு பதிலுக்குக் காத்துக்கினு இருந்தாங்க. உங்கம்மாதான் பக்கத்துல அழுதா. அந்த வாரம் நோட்டுல நூறுன்னு எழுதப் போயி கை நின்னுச்சு. அறுவதுன்னு எழுதினேன்.

அப்பால இன்னொரு நெனப்பு மேல வந்துச்சு, செவ்வந்தி தெனமும் என்னை சபிச்சிக்கினு இருக்குதுன்னு. உங்களுக்கு யாரு சொன்னாங்கன்னு டாக்டரம்மா கேட்டாங்க. யாரும் சொல்லலை. அப்ப கேட்டுப் பாக்கலாமேன்னாங்க. பொங்கல் கழிச்சி உங்கம்மாவோட கரியாலூர் பஸ் ஏறினேன். ஆதிமூலம்தான் வண்டி ஓட்டினாரு. அங்க செவ்வந்தி வாசல்ல கடுக்கா காய வெச்சிக்கினு இருந்துச்சு. யாருங்க வேணும்னு கேட்டுச்சு. நாலு மாசமா நான் யாரு கண்ணை நெனச்சி நெனச்சி செத்தேனோ, அந்தப் பொண்ணுக்கு என்னை அடையாளமே தெரியலை. நான்தான் அந்தக் கண்டக்டருன்னு சொன்னேன். ரொம்ப நேரம் கடுக்காயைக் கிளறிக்கினே இருந்துச்சு. வண்டி பின்னாலயே ஒருத்தரு நடந்து வந்தாருன்னு எங்க வூட்டுக்காரரு சொன்னாருங்க, எனக்கு மொகம் நெனப்பில்லைன்னுச்சு. அந்த நாளைப் பத்திப் பேச வேணாங்கன்னு உள்ள போயிடுச்சு. மன்னிச்சேன்னும் சொல்லலை, திட்டவும் இல்லை. உங்கம்மா பின்னாலயே போயி அது பக்கத்துல சும்மா ஒக்காந்துக்கினா.

வெளிய நானும் இருசப்பனும்தான். அவரு எங்கியோ பாத்துக்கினு, வலி முந்தின நாள் சாயங்காலமே எடுத்துடுச்சிங்க, அப்பவே டோலி கட்டித் தூக்கியிருந்தா கொழந்தை பொழச்சிருக்கும், நான்தான் காலையில பஸ்ஸுக்குப் போலாம்னேன், இதை அவகிட்டகூட நான் சொன்னதில்லைன்னாரு. நான் விசில் கொடுத்ததை நெனச்சிக்கினு கெடந்த அத்தனை நாளும் இந்த மனுசன் இங்க இதை வெச்சிக்கினு கெடந்திருக்காரு. நான் ஒண்ணும் ஆறுதல் சொல்லலை. அன்னிக்கு சாயங்காலம் உனக்குத் தெரிஞ்சது இன்னாப்பான்னு கேட்டேன். யோசிச்சி யோசிச்சி சொன்னாரு. அதுக்கு முந்தின வாரம் ரெண்டு தடவை இப்படித்தான் வலி வந்து, தானா நின்னுடுச்சாம். இதுவும் நின்னுடும்னு நெனச்சாராம். இருட்டுல மலை எறக்கினா வழுக்கி வுழுவோம்னு பயந்தாராம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் என் நோட்டுலேர்ந்து ஒரு தாளைக் கிழிச்சி அவரு சொல்லச் சொல்ல எழுதினேன். ரெண்டு தடவை படிச்சிக் காட்டச் சொன்னாரு. மடிச்சி இடுப்புல சொருகிக்கினாரு. அதால அவருக்கு இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாது.

எனக்கு எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனச்சிக்காத. அந்த நெனப்பு சில நாள் முப்பதுக்கு எறங்குது, சில நாள் எழுந்திருக்கும்போதே எம்பதுல நிக்குது. அந்த நாள்ல நோட்டை எடுத்துக்கினு ஒக்காந்துடறேன். மலை டிரிப் வேணாம்னு கேட்டு வாங்கி, இங்கேர்ந்து கள்ளக்குறிச்சிக்கு டவுன் பஸ்ஸுதான் போறேன். சாயங்காலம் ஒடம்பு அடிச்சிப் போட்ட மாதிரி இருக்குது. ஆனா போறேன்.

உன் வகுப்புல ஒரு பொண்ணு எனக்குக் கணக்கு வராது டீச்சர்னு சிலேட்டைக் காலியா வெச்சிக்கினே ஒக்காந்திருக்குதுன்னு எழுதியிருந்தே. அதை அடிக்காத. வரும் வரும்னும் சும்மா சொல்லாத, அது நம்பாது. எந்தக் கணக்கு வரலைன்னு கேளு. நேத்து எது வந்துச்சுன்னு கேளு. ரெண்டையும் அது கையாலயே எழுதச் சொல்லு. கூட்டலு வருது, பத்துக்கு மேல கழிக்கறதுதான் வரலைன்னு அதுவே எழுதிப் பாத்துச்சுன்னா, கணக்கே வராதுங்கறதை அதால நூத்துக்கு நூறு நம்ப முடியாது. நீ படிச்ச டிரெய்னிங்ல இதுக்குப் பெரிய பேரு இருக்கும். நான் கத்துக்கினது இவ்வளவுதான், அதுக்கும் என் வயசு அம்பத்திமூணாச்சு.

கடைசியா ஒண்ணு. நீ போன மாசம் அம்மாவுக்கு எழுதினதுல, ஊர்ல வேலைக்குக் காத்திருக்காம நான் பம்பாய் வந்தது அப்பாவுக்குப் புடிக்கலை, அதான் நாலு கடுதாசிக்கும் பதில் போடலை, அப்பா என்னை வெறுத்துட்டாருன்னு எழுதியிருந்தே. உனக்கு யாரு சொன்னாங்க? நாலையும் நான் படிச்சேன், ஒவ்வொண்ணையும் நாலஞ்சு தடவை. பதில் எழுத ஒக்காந்தா இதைத்தான் எழுதணும், இதை மகளுக்கு எழுத வெக்கமா இருந்துச்சு. அதான். நீ போனதுல எனக்கு வருத்தம் இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். வெறுப்பு ஒரு நாளும் இல்லை.

நீயும் மாப்ளையும் நோய் நொடியில்லாம நல்லா இருக்கணும். தண்ணியைக் காய்ச்சிக் குடி. உங்கம்மாவுக்குத் தனியா ஒரு கடுதாசி போடு, மறந்துடாத. இத்தனை மாசமும் யாருகிட்டயும் சொல்ல வுடாம அவளைத்தான் நான் ஒண்டியா வெச்சிட்டேன்.

இப்படிக்கு
உன் அப்பா
ப. தெய்வசிகாமணி