வினிகருக்குப் போன மூன்று பீப்பாய்கள்

மார்ச் 8, வெள்ளி

மழை இல்லை. துணி காய்ந்தது. என் வீட்டுக்காரர் ஃபெர்மின் இறந்து எட்டு மாதம். அவர் இல்லாமல் நானே பிழிந்த முதல் ஒயின் நிலவறையில் நான்கு பீப்பாய்களில் கிடக்கிறது. இன்னும் வாய் வைத்துப் பார்க்கவில்லை. பயம்தான், வேறென்ன?

மார்ச் 15, வெள்ளி

மத்தியானம் ஒரு குடுவை ஒயின் எடுத்து வந்தேன். தொட்டுக்கொள்ள டப்பா மத்தி மீன், வேகவைத்த ஆர்ட்டிசோக் பூமொட்டு, ரொட்டி. அவர் ஆன்மாவுக்காகத் தவக்காலம் முழுக்க இறைச்சி தொடுவதில்லை என்று நேர்ந்திருக்கிறேன். ஒருத்திக்காக அடுப்பு மூட்ட வேண்டாம் என்கிற சோம்பேறித்தனமும் அதில் உண்டு.

முதல் வாய் — இரும்பு. துருப்பிடித்த ஆணியை நக்கியது போல. எங்கள் தோரோ ஊர் ஒயின் முரட்டு ஒயின்தான், துவர்க்கும்தான். ஆனால் இப்படியா?

மார்ச் 22, வெள்ளி

இன்று உப்பு மீனும் கீரையும். அதே இரும்பு. முன்பெல்லாம் பீப்பாயைத் திறந்ததும் அவர்தான் ருசி பார்ப்பார். அவர் முகத்தைப் பார்த்தே நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரிந்துவிடும். இப்போது யார் முகத்தைப் பார்ப்பது?

மார்ச் 24, ஞாயிறு

பக்கத்து நிலவறைக்காரி விசி வாசலில் நின்று, "எல்லாம் நல்லாப் போகுதா பெனி?" என்றாள். "ம், போகுது" என்றேன். போய்விட்டாள். உள்ளே வந்து உட்கார்ந்தால் என்ன, கால் தேய்ந்தா போகும்?

ஏப்ரல் 3, புதன்

கெடுத்துட்டேன். நாப்பது வருஷம் அவர் பாத்துப் பாத்துச் செஞ்சதை ஒரே வருஷத்துல கெடுத்துட்டேன். கெட்ட ஒயினை வாங்கிக்கொள்ளும் வினிகர்காரருக்குப் போன் செய்தேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

மூன்று பீப்பாய் லாரியில் ஏறியது. வினிகர்காரர் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான்காவதற்கு இடமில்லை, ஈஸ்டர் கழித்து வருகிறேன் என்றார்.

ஏப்ரல் 21, ஈஸ்டர்

பூசை முடிந்து வந்தால், என் நிலவறை வாசலில் விசி திராட்சைச் சுள்ளியைக் கொளுத்திக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் தட்டு நிறைய ஆட்டுக்குட்டி விலாத்துண்டுகள்.

"தவக்காலம் முடிஞ்சுது. இன்னும் என்ன சாமியாரிணி வேஷம்? போய் ஒயின் எடுத்துட்டு வா."

"கெட்டுப்போச்சு விசி."

"எடுத்துட்டு வாடீ!"

கொண்டுவந்தேன். கொழுப்பு சொட்டச் சொட்ட ஒரு துண்டைக் கடித்துவிட்டு அவள் ஒரு மடக்கு குடித்தாள். கண்ணை மூடினாள். அப்புறம் என்னை முறைத்தாள்.

"இதுவா கெட்டது? நீ என்னத்தைத் தின்னுட்டுக் குடிச்சே?"

சொன்னேன், அந்த ஆணி ருசியையும்.

"அடிப்பாவி! மத்தியும் ஆர்ட்டிசோக்குமா? அதோட குடிச்சா ராஜா வீட்டு ஒயினும் ஆணியாத்தான் இருக்கும்!"

நானும் இறைச்சியைக் கடித்துக் குடித்தேன். துவர்ப்பு கொழுப்பில் கரைந்து, கறுப்புப் பழ வாசனையோடு நெஞ்சு வரை இறங்கியது. நல்ல ஒயின். நான் செய்த ஒயின்.

மூன்று பீப்பாய் போன கதையைச் சொன்னதும் விசியின் சிரிப்பு நின்றுவிட்டது. "அன்னிக்கு வாசல்லயே வந்து நின்னேனே, ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா..."

"நீயா வருவேன்னு நெனச்சேன்."

"துக்க வீடு பெனி. கூப்பிடாம எப்படி வர்றது?"

இரண்டு பேரும் அழுதோம். சுள்ளி அணைந்து இறைச்சி ஆறிப்போனது.

ஏப்ரல் 24, புதன்

வினிகர்காரர் நான்காவது பீப்பாய்க்கு வந்தார். தரமாட்டேன் என்றேன். மற்ற மூன்று? "வினிகராக்கப் புளிக்காடி ஊத்தியாச்சும்மா. இனி ஒண்ணும் பண்ண முடியாது." தலையாட்டினேன். அவர் போன பிறகும் வெகுநேரம் வாசலிலேயே நின்றேன்.

ஏப்ரல் 27, சனி

விசி செம்மறிச் சீஸோடு வருகிறாள், அவள் தம்பியும் வருகிறான். நான்தான் கூப்பிட்டேன்.