பதினோராவது போன்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் அப்பாவும் நானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த இறையியல் கல்லூரி விடுதியில் அப்படியே இருக்கவேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். மனசைப் பற்றி மட்டும் இப்போது கேட்காதே. உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அப்பா ஏன் எழுதுவதில்லை, போனிலும் ஏன் இரண்டு வார்த்தையோடு முடித்துக்கொள்கிறார் என்று கேட்டிருந்தாய். பதில் தெரிந்தும் எழுதாமல் இருந்தது நான்தான்.

ஆட்கள் கோவிலுக்கு வராவிட்டால் கோவில் அவர்களிடம் போகட்டும் என்று எழுதினாயே, அதை அப்பா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஷிப்டு மாறுகிற நேரத்தில் பஸ் டிப்போவுக்குப் போக ஆரம்பித்தார். பிரசங்கம் கிடையாது. பழைய டயர் மேல் உட்கார்ந்து, இந்த வாரம் என்ன உடைந்தது என்று கேட்பார். மெக்கானிக்குகள் முதலில் கியர் பாக்ஸைச் சொல்வார்கள், பிறகு மெதுவாக வீட்டைச் சொல்வார்கள். கடைசியில் ஒரு சங்கீதம், ஒரு ஜெபம், டீ. பாஸ்டரய்யா, எங்க சூப்பர்வைசரை விட உங்க சாமி நல்லா காது குடுத்துக் கேட்கிறார் என்று ஒருவர் சொன்னாராம், அதைச் சொல்லிச் சொல்லி அப்பா சிரித்தார். அங்கியில் ஏறிய கிரீஸைத் துவைத்தே என் கைத்தோல் உரிந்தது. சபைக் கமிட்டியில் முகம் சுளித்தார்கள், ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஒரு நாள் அப்பா என்னிடம், டிப்போவில் ஜெபம் தானாக வருகிறது, ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் ஏறினால் வாய்தான் பேசுகிறது, மனசு வெளியே நிற்கிறது என்றார். உனக்கும் இதையே எழுதியிருந்தார். உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயதுதான் வித்தியாசம், உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே டிகிரி முடித்தவள், ஆனாலும் பயம் வந்தால் படித்ததெல்லாம் எங்கே போகிறதோ தெரியவில்லை. பெண்கள் ஜெபச் சங்கிலியில் சொல்லிவிட்டேன். ஒருத்தி அடுத்தவளுக்குப் போன் போட்டுச் சொல்ல, கடைசி ஆள் ஆரம்பித்தவளுக்கே திருப்பிச் சொல்லி ஜெபித்து முடிக்கவேண்டும், எதுவும் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக. செயலாளர் வீட்டு அக்காவிடம் நான் சொன்னது, அவர் களைத்திருக்கிறார், பிரசங்கத்தில் மனசு ஒட்டவில்லை என்கிறார், ஜெபியுங்கள், அவ்வளவுதான். சாயங்காலம் பதினோராவது போன் எனக்கு வந்தது. பாஸ்டரய்யாவுக்கு விசுவாசமே போய்விட்டதாம், பீடத்தில் நின்று பொய் சொல்வதாக அவரே ஒத்துக்கொண்டாராம், நீங்க தைரியமா இருங்க அக்கா என்றாள் தையல் கடைக்காரி. அப்படி இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அவள் அழுதுகொண்டே ஜெபித்தாள், முடித்ததும் பழக்கத்தில் நான் ஆமென் என்றுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு கமிட்டி கூடியது. ஆறு மாதம் ஓய்வு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், டிப்போ கூட்டமும் அதோடு நின்றது. யார் சொன்னது என்று அப்பா கேட்டதற்கு, நம்பிக்கையான இடம் என்றார்களாம், என் பேரைக் காப்பாற்றுகிறார்களாம். இப்போதும் வெள்ளிக்கிழமை அந்த நேரத்துக்குச் சட்டை மாற்றிக்கொண்டு முன்னறையில் உட்காருகிறார், எங்கும் போவதில்லை. அவர் மனசைத் திறந்து சொன்னது நம் இரண்டு பேரிடம்தான். என்மேல் சந்தேகம் நிழலாகக்கூட வரவில்லை. பிள்ளை நல்லெண்ணத்தில்தான் கல்லூரி முதல்வரிடம் சொல்லியிருப்பாள், அவர் கமிட்டிக்குச் சொல்லியிருப்பார், கேட்டு அவளைக் காயப்படுத்தாதே என்று என்னிடமே சொன்னார். நான் சரி என்றேன். நீ செய்யாத தப்புக்கு உன்னை மன்னித்துவிட்டு, உன்னோடு பேச முடியாமல் இருக்கிறார்.

டிப்போ யோசனை தப்பு என்று நினைத்துவிடாதே, தப்பு அங்கே நடக்கவில்லை. நாளைக்கு நீ ஒரு சபையை நடத்தும்போது யாராவது வீட்டுக் காரியத்தை ஜெபக் குறிப்பாகக் கொண்டுவந்தால், சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டு வந்தாயா என்று முதலில் கேள். என்னிடம் அப்படிக் கேட்க ஆள் இல்லாமல் போனது. மூன்று தடவை சொல்லிவிடலாம் என்று அப்பா முன்னால் போய் நின்று, டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். அதனால் இந்தக் கடிதத்தை உறை ஒட்டாமல் அவர் பைபிளுக்குள் வைக்கப்போகிறேன், மேலே ஒரு சீட்டில், படித்துவிட்டு நீங்களே தபாலில் போடுங்கள் என்று எழுதி. இது உன் கைக்கு வந்தால் அவர் படித்துவிட்டார் என்று தெரிந்துகொள். அன்றைக்கே போன் பண்ணு, அவர் பேசுவார் என்று காத்திராமல் நீயே முதலில் பேசு.

கர்த்தர் உன் படிப்பையும் உன் வாயின் வார்த்தைகளையும் காத்துக்கொள்ளட்டும். இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே.

உன்னிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டிய
உன் அம்மா