கொடியில் ஒரு கறுப்புப் பாவாடை

உன் மகள் நேற்று வலப்பனைக்கு வந்து ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனாள். "அம்மா ஒங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாங்க, டீச்சர்" என்றாள். உள்ளே உன் கறுப்பு உள்பாவாடை. நீ போய்ச் சேர்ந்து மூன்று மாதமாகியும் அதில் அடுப்புப் புகை வாசம் போகவில்லை. முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன், பிறகு சிரித்தேன். உலகத்திலேயே மோசமான உளவாளி நீதானே, அடியே!

தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றிய அந்தப் பழைய புத்தகம் அகப்பட்டதிலிருந்து உனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. கடித வரிகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத மையால் எழுதி, ஆங்கிலேயப் படையின் கண்ணில் மண்ணைத் தூவினார்களாம். ஒரு பெண் தன் வீட்டுக் கொடியில் கறுப்புப் பாவாடையைக் காயப்போட்டால் ஒற்றன் வந்துவிட்டான் என்று அர்த்தமாம். "பொம்பள துணிய எவன்டி உத்துப் பாக்கப்போறான்? அதான் தந்திரம்" என்பாய்.

தோட்டத்துச் சனம் குடியிருக்கும் லயத்துக்கென்று தனி முகவரி ஏது? எல்லார் கடிதமும் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து வீட்டு ஆண்கள் கைக்குப் போகும். நான் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். அப்பாவோ என்னை அத்தை மகனுக்குப் பேசி முடித்திருந்தார். நேர்முகக் கடிதம் அவரிடம் சிக்கினால் நேரே அடுப்புக்குத்தான். நீ பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பால்மா வாங்க தினமும் ஆபீசுக்குப் போவாய். கடிதத்தைப் பார்த்தால் நைசாக எடுத்துவந்து, மடுவத்துக் கொடியில் கறுப்புப் பாவாடையைப் போடுவதாக ஏற்பாடு. மலையில் கொழுந்து பறிக்கும் நான் அதைக் கண்டு இறங்கி வர வேண்டும். உடப்புசல்லாவையிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு பேரும் பனி இறங்கும் என்பதை மட்டும் மறந்துபோனோம்.

கடிதம் வழக்கம்போலப் பிந்தித்தான் வந்தது. மறுநாள் காலை நுவரெலியாவில் நேர்முகம். பிற்பகல் பஸ்சை விட்டால் போச்சு. நீ பாவாடையைப் போட்டுவிட்டுக் காத்துக் கிடந்தாயாம். எனக்கோ பக்கத்து நிரையில் நின்றவளே தெரியவில்லை. கடைசியில் பனிக்குள்ளிருந்து உன் குரல்தான் வந்தது. "அடியே! ஒனக்கு லெட்டர் வந்துருச்சுடி! நாளைக்கு இன்டர்வியூவாம்! எங்கடி நிக்கிற?"

பாவாடையை ஆட்டிக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றாய். கீழே மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்த அப்பாவும் மண்வெட்டியோடு ஏறி வந்தார். உன்னைக் கொன்றுவிடலாம் போலிருந்தது எனக்கு. ஆனால் பெண்கள் கூடையோடு ஒவ்வொருத்தராக வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். மலைக்கே தெரிந்த கடிதத்தை அவர் எந்த அடுப்பில் போடுவார்?

"பஸ்சு எத்தன மணிக்கு?" என்றார் அப்பா.

அந்த அமெரிக்கப் பாவாடைக் கதைக்குத் திடமான ஆதாரம் கிடையாதாம் என்று பல வருடம் கழித்து உன்னிடம் வந்து சொன்னேன். "நீ டீச்சரானதே ஆதாரந்தான், போடி" என்றாய்.

இன்றைக்கும் பல லயங்களில் கடிதம் அதே வழியில்தான் வருகிறது. அதனால் என் மாணவிகளைப் பள்ளிக்கூட முகவரி போடச் சொல்லியிருக்கிறேன். வந்தால் யாரையும் தனியே கூப்பிட்டுக் கொடுப்பதில்லை. மைதானத்தின் நடுவில் நின்று, பேரைச் சொல்லி, எதிர்மலை வரைக்கும் கேட்கக் கத்துகிறேன். தொண்டை கட்டிக்கொள்கிறது. உன் அளவுக்குச் சத்தம் மட்டும் இன்னும் வரவில்லையடி.