அணையாத தொட்டி விளக்கு

இன்று காலை மீன் தொட்டியின் மூடியைத் திறந்ததும் ஒரு வாடை முகத்தில் அடித்தது. கோடையில் ஏரி அடிமட்டத்துக்கு வற்றும்போது வருமே, அந்தப் பச்சை வாடை. நீ இருந்தவரை நம் வீட்டில் அது வந்ததே இல்லை. பழைய பிரஷ்ஷால் கண்ணாடியைத் தேய்த்துப் பார்த்தேன். உன் செடிகளின் இலைகளையெல்லாம் பாசி நூல் நூலாய்ப் போர்த்திக் கிடக்கிறது. எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உன்னைத்தான் கேட்க வேண்டும். கேட்க நீ இல்லை.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருபது வருடமாக எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவன், ஊரில் பாதி வீட்டில் என் பல்புதான் எரிகிறது என்று பெருமை பேசியவன், உன் தொட்டிக்கு ஒரு விளக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியாமல் பட்ட பாடு இருக்கிறதே! நீ பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டாய். ஒகேனக்கல் போன அன்று எல்லாரும் மீன் வறுவல் கடையில் நிற்க, நீ மட்டும் கரையில் குந்திக் கூழாங்கல் பொறுக்கினாய். மீன் தின்ன வந்த இடத்தில் மீனுக்கு வீடு கட்டக் கல் பொறுக்குகிறவள் நீ ஒருத்திதான் என்று கேலி செய்தேன். அந்தக் கல்லைப் பரப்பி, செடிகளை நட்டு, நல்ல லைட்டாக ஒன்று கொண்டுவரச் சொன்னாய்.

நான் கொண்டுவந்தது ஐம்பது வாட் ஃபிளட் லைட். கடைக்கு வருகிறவர்கள் எத்தனை வாட் என்றுதான் கேட்பார்கள், நானும் வாட்டைத்தான் விற்பேன். பத்தே நாளில் தொட்டித் தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்த மாதிரி ஆகிவிட்டது. நீ கோபப்படவில்லை. "களத்துமேட்டுக்குப் போடற லைட்ட மீனுக்குப் போட்டா, அதுங்க எங்கங்க போய் ஒளியும்?" என்று மட்டும் கேட்டாய். எனக்கு ரோசம் வந்துவிட்டது. அதைக் கழற்றிவிட்டு மஞ்சள் விளக்கு ஒன்றை மாட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. செடிகளோ வெளிச்சம் தேடிக் கழுத்தை நீட்டி நீட்டி வெளுத்துப்போயின.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயே கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, அட்டைப் பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் படித்தாய். பக்கவாட்டில் பொடி எழுத்தில் கெல்வின் என்று ஓர் எண் இருந்தது. இத்தனை வருடம் விற்றவன் அதை ஒருநாளும் படித்ததில்லை. மூவாயிரம் என்றால் மஞ்சள், ஆறாயிரத்து ஐந்நூறு என்றால் பகல் வெளிச்சம், செடிக்கு அதுதான் சரி என்றாய். வாட் என்பது கரண்ட் செலவு, வெளிச்சத்தின் அளவு தெரிய லூமெனைப் பார்க்க வேண்டும் என்று என் கல்லாவுக்கு எதிரேயே நின்று சொன்னாய். இரண்டு மெல்லிய எல்இடி பட்டிகளை எடுத்து, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே தொங்கவிடச் சொன்னாய். கூடவே ஒரு டைமர். காலை பத்து மணிக்கு எரிய வேண்டும், மாலை ஆறு மணிக்குத் தானாக அணைய வேண்டும். "தின்னுக்கிட்டே இருந்தா ஒடம்பு தாங்குமா? செடியும் அப்படித்தாங்க" என்றாய். அதற்குப் பிறகு பாசி எட்டிப் பார்க்கவில்லை. சிவப்பு இலைச் செடி தீப்பிடித்த மாதிரி நின்றது. கடையில் அதன் போட்டோவைக் காட்டி, எல்லாம் நான் செட் பண்ணியது என்று புளுகிக்கொண்டிருந்தேன். உனக்கும் அது தெரியும்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன உன்னை, கூடத்தில் தொட்டிக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து கிடத்தினோம். மாலை ஆறு மணிக்கு டைமர் தன் வேலையைச் செய்தது. தொட்டி பொசுக்கென்று இருண்டது. மொரப்பூரிலிருந்து வந்து உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த உன் அம்மா அலறிவிட்டார். யாரோ டைமரைப் பிடுங்கிவிட்டு ஒயரை நேராகச் சொருகினார்கள். உன்னைக் கிடத்திய இடத்தில் கருமாதி வரைக்கும் விளக்கு அணையக் கூடாது என்பது முறை. அந்த முறைக்குள் தொட்டி விளக்கும் சேர்ந்துகொண்டது.

மூன்றாம் நாள் தைரியம் வரவழைத்துக்கொண்டு, அதை மட்டும் அணைக்கட்டுமா, செடிக்கு ஆகாது என்று அத்தையிடம் கேட்டேன். "அவ ஆசயா வச்ச வெளக்குங்க மாப்ள. எம் புள்ள வந்து பாத்தா வூடு இருட்டாவா கெடக்கணும்?" என்றார். பெற்ற மகளைப் பறிகொடுத்தவரிடம் போய்க் கெல்வினும் லூமெனுமா பேசுவேன்? பதினாறு நாள், இரவும் பகலும் அது எரிந்தது. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டே கண்ணாடி பச்சையாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

கருமாதி முடிந்து அத்தை ஊருக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. தடுக்க யாருமில்லை. ஆனாலும் நேற்று வரை சுவிட்ச் பக்கம் போன கை அங்கேயே நின்றுவிட்டது. பாசி முற்றினால் நாலு நாள் விளக்கை அணைத்து, கறுப்புத் துணி போட்டு மூடிவைக்க வேண்டும் என்று உன் நோட்டில் நீயே எழுதி வைத்திருக்கிறாய். உன் படம் இருக்கும் கூடத்தில் நான் எப்படியம்மா கறுப்புத் துணியை விரிப்பேன்?

இன்று அந்த வாடைக்குப் பிறகு பொறுக்க முடியவில்லை. அத்தைக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். விடாமல் எரிந்ததால்தான் இப்படி ஆனது, இனிப் பிழைத்தால் இருட்டில்தான் பிழைக்கும், அதுவும் நிச்சயமில்லை என்றேன். அழுவார், திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ மெதுவாக, "அணைச்சுடுங்க மாப்ள. அவளும் தூங்கணுமில்ல" என்றார்.

அணைத்துவிட்டேன். துணியும் போட்டுவிட்டேன். உள்ளே எது மிஞ்சும் என்று தெரியாது. ஒன்றுமே மிஞ்சாமலும் போகலாம். கடைக்குக் கிளம்பியவன் செருப்பைக்கூட மாட்டாமல் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அத்தை சொன்ன சொல்லில் எனக்கு அந்த ஆஸ்பத்திரி வார்டு ஞாபகம் வந்துவிட்டது. உன் முகத்துக்கு நேர் மேலே ஒரு விளக்கு. கண் கூசுகிறது, அதைக் கொஞ்சம் அணைக்கச் சொல்லுங்க என்றாய். நர்ஸிடம் போய்க் கேட்டேன். இந்த வார்டில் அணைக்க முடியாது என்றார். அவர் மேல் தப்பில்லை. ஊருக்கெல்லாம் சுவிட்ச் போட்டுக் கொடுத்தவனிடம் நீ கடைசியாகக் கேட்டது அதுதான், அதை என்னால் செய்ய முடியவில்லை. உள்ளங்கையைக் குவித்து உன் கண்களுக்கு மேல் பிடித்துக்கொண்டு, வெளியே போகச் சொல்லும் வரை நின்றேன். கை வலித்தது, எடுக்கவில்லை. அந்த நிழலில் நீ கண்ணை மூடினாய். மூடும்போது உன் இமை என் உள்ளங்கையில் பட்டது. அது இன்னும் அங்கேயே இருக்கிறது.