பிக்கரிங்கின் மார்ச் மாதக் கணக்கு

எடின்பரோ, செவ்வாய்

அன்புள்ள தம்பி பெர்னார்டுக்கு,

உன் மூட்டுவலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். நானும் என் பள்ளி அலுவலக வேலையும் நலம்.

நான் பங்குச்சந்தையில் சூதாடுவதாக நம் சர்ச்சில் பேசிக்கொள்கிறார்களாம். தவறு. அப்பா நம் இருவருக்கும் விட்டுப்போன மதுவிடுதி நிறுவனப் பங்கின் விலை தினமும் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று அளக்கிறேன், அவ்வளவுதான்.

நேற்று தரகர் பிக்கரிங்கைப் பார்த்தேன். "மேடம், இந்தப் பங்கு ஆடுற ஆட்டம் உங்க வயசுக்குத் தாங்காது. உங்க தம்பியே வித்துடலாம்னுட்டார்" என்றார். அவருடைய கணக்குத் தாளை வாங்கிப் பார்த்தேன். மார்ச்சில் ஒவ்வொரு பங்கையும் இரண்டாகப் பிரித்தார்கள் அல்லவா? நம் பங்குகளின் எண்ணிக்கை இரட்டித்ததால் நமக்கு நட்டமில்லை; ஆனால் அன்று விலை பாதியானதை அவர் வீழ்ச்சியென்று சேர்த்திருக்கிறார்.

"ஆட்டம் பங்குல இல்ல, உங்க கணக்குல" என்றேன்.

"கம்ப்யூட்டர் போட்டது மேடம்" என்று சிரித்தார்.

கன்னியாஸ்திரிகளிடம் கணக்குப் படித்தவள் நான். மூன்று முறை போட்டேன். அந்த ஒரு நாளைத் திருத்தினால் ஆண்டு ஏற்ற இறக்கம் ஐம்பத்து மூன்று சதவீதத்திலிருந்து பதினெட்டாகிறது. என்னைக் கேட்காமல் விற்க நீ எப்படிச் சம்மதித்தாய்?

உன் மேசை இழுப்பறையில் நான் விட்டுவந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை அனுப்பு. என் கணவர் இருந்தவரை எண்களை வாசித்துக்காட்டுவார். இங்கே யாருமில்லை.

தபாலுக்கு நேரமாகிறது. விற்பனைத் தாளில் நீ கையெழுத்துப் போடமாட்டாய் என்று உன் கையால் எழுதி அனுப்பு.

அக்கா வினிஃப்ரட்