கிளாலியை நீ கடக்கவில்லை

போன கிழமை உருத்திரபுரம் வீதியை வெள்ளம் மூடிவிட்டது. ஆசிரியர்களை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றித்தான் பாடசாலைக்குக் கொண்டுபோனார்கள். பள்ளமான இடத்தில் தண்ணீர் பெட்டிக்குள் தெறித்தது. புதிதாக வந்த கணித ஆசிரியை, "ஐயோ சேர், பஸ்ஸில ஏறிக் கப்பலில போற மாதிரிக் கிடக்கு!" என்று சிரித்தார். டீசலும் சேற்றுத் தண்ணீரும் கலந்த அந்த மணத்தில் எனக்கு லண்டன் ஞாபகம் வந்தது. லண்டன் என்றால் நீ. அன்று ஒரு பாடமும் ஒழுங்காக நடத்தவில்லை.

நீ இறந்து சில மாதங்களாகின்றன. போனவர்களைப் பற்றி நல்லதாக எழுதவேண்டுமாம். உன்மேல் எனக்கிருக்கும் பொறாமை உன்னோடு போகவில்லை, நான் என்ன செய்ய?

நாங்கள் ஒன்றாகப் படித்த பள்ளியில் வரலாறு எனக்குத்தான் வரும். உனக்கு அரசர்களும் ஆண்டுகளும் எப்போதும் குழம்பும். நான் பட்டம் பெற்றுக் கிளிநொச்சியில் வரலாறு படிப்பிக்கிறேன். நீ உயர்தரம் முடிந்த கையோடு கொழும்பால் விமானம் ஏறினாய், கடைசியில் லண்டனையே சுற்றிக்காட்டும் வழிகாட்டியானாய். அதுவும் வீதியில் பஸ்ஸாக ஓடி, ஆற்றில் இறங்கிப் படகாக மிதக்கும் வண்டியில்.

ஒரு மாத விசாவில் நான் வந்தபோது முன்கதிரையில் இருத்தினாய். நான் காலமெல்லாம் படத்தைக் காட்டிப் படிப்பித்த கட்டடங்கள் யன்னலருகே ஒவ்வொன்றாகப் போயின. உன் விளக்கத்தில் நீ ஓர் அரசனுக்குப் பதிலாக இன்னோர் அரசனின் தலையை வெட்டினாய். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. எல்லோரும் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானோ வகுப்பில் மேசையைத் தட்டித் தட்டியே பாதி நேரத்தைக் கழிக்கிறவன்.

பிறகு வண்டி சரிவால் இறங்கித் தேம்ஸ் நதிக்குள் பாய்ந்தது. கூச்சல் அடங்கியதும் நீ குரலைத் தாழ்த்தி, போர்க்காலத்தில் அம்மாவோடு கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்த கதையைத் தொடங்கினாய். கயிற்றால் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிய படகுகள். முன்படகில் மட்டும் இயந்திரம். நடுவழியில் அது நின்றுவிட்டது. கடற்படைக்குக் கேட்டுவிடும் என்று சனம் மூச்சடக்கி இருக்க, அம்மாவின் மடியிலிருந்த சுவர் மணிக்கூடு அடிக்கத் தொடங்கியது. அம்மா அதைச் சேலையால் சுருட்டி அணைத்துக்கொண்டு, அதனிடம் "சத்தம் போடாதை ராசா, இந்தா கரை வந்திட்டுது" என்றாராம். அதைத் தமிழிலேயே சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் பொருள் சொன்னாய். முதலில் சிரித்தார்கள். பிறகு எனக்கு அருகிலிருந்த வெள்ளைக்காரப் பெண் கண்ணைத் துடைத்தாள்.

கிளாலியை நீ கடக்கவில்லை. கடந்தது நானும் என் அம்மாவும். அதை வெளிநாட்டிலிருந்த உனக்குக் கடிதத்தில் எழுதியவனும் நான்தான்.

இறங்கியதும் கேட்டேன்.

"டேய், அது என்ர கதையெல்லோ?"

"தெரியும் மச்சான். உன்ர அம்மா எனக்கும் அம்மாதானே."

"அவா மணிக்கூட்டோட கதைக்கேல்லை. சேலையால மூடினவா, அவ்வளவுதான்."

"அதுதான்ரா பிழை. கதைச்சிருக்கவேணும்." என் தோளில் தட்டிச் சிரித்தாய். "நீ சொன்னா ஒருத்தரும் அழமாட்டினம். இது சோதினைக்கு வருமோ எண்டுதான் கேப்பினம்."

அந்தப் பகிடியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஊருக்கு வந்து வகுப்பில் அதே கதையைச் சொல்லிப் பார்த்தேன். முன்வாங்கிலேயே ஒருவன் கொட்டாவி விட்டான்.

உன் அஞ்சலிக் கூட்டத்தைக் கைபேசியில் இணையவழியாகப் பார்த்தேன். உன் மகள் எழுந்து, "அப்பாவும் அப்பம்மாவும் கிளாலியால வரேக்க..." என்று தொடங்கினாள். பக்கத்திலிருந்த என் மனைவி என்னை இடித்தாள். "இது எங்கட மாமியின்ர கதையெல்லோ? வாயை மூடிக்கொண்டு இருக்கிறியள். சொல்லுங்கோவன்!"

நான் பேசுவது அங்கே கேட்கும்படி ஒலியைத் திறந்தேன். அது என் அம்மா என்று சொல்லத்தான் திறந்தேன். முதலில் நடந்ததை நடந்தபடி வைப்போம் என்று கயிற்றையும் படகுகளையும் நின்றுபோன இயந்திரத்தையும் சொன்னேன். மணிக்கூடு அடிக்கும் இடத்தில் என் குரல் தானாகத் தாழ்ந்தது. "சத்தம் போடாதை ராசா" என்று வாயில் வந்துவிட்டது. திரையில் முகம் முகமாக அழுதார்கள். என் வாழ்நாளில் என் பேச்சுக்கு யாரும் அழுதது அன்றுதான்.

உன் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அங்கிள், அப்பா சொல்லுற மாதிரியே சொல்லுறியள்" என்றாள்.

அது என் அம்மா என்று சொல்லாமலே ஒலியை மூடினேன். மனைவி அன்றிரவு என்னோடு கதைக்கவில்லை.

அம்மாவும் போய் வருடங்களாயிற்று. குடையைக் கொண்டுபோ, சாப்பிட்டியோ, ஏன் இவ்வளவு பிந்தினாய் என்று எத்தனை ஆயிரம் சொல்லியிருப்பார். அந்தச் சொற்கள் தெரிகின்றன. அவற்றைச் சொன்ன அம்மாவின் குரல் நினைவில் வரமறுக்கிறது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓர் ஒலிநாடாகூட மிஞ்சவில்லை. கண்ணை மூடினால் அம்மாவின் குரலில் தெளிவாகக் கேட்பது ஒரே ஒரு வசனம்தான். அதை அம்மா ஒருநாளும் சொன்னதில்லை.